பாலைப் பாத்துக்கங்க

பவானி ஆற்றங்கரை ஆசிரமத்தில் சித்தாம்பிகை அம்மாவிடம் யோகப் பாடம் கேட்பவர்கள் எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு நாற்பதுதான் ஆகிறது. வகுப்பின் கடைசியில் கால் நீட்டிப் படுக்கச் சொன்னால் ஆண்கள் பக்கமிருந்து குறட்டை கிளம்பிவிடும். பெண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

குறட்டையில் முதல் ஆள் நாச்சிமுத்து. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அப்போது பாக்கி வைத்த தூக்கத்தையெல்லாம் இப்போது வசூல் பண்ணிக்கொண்டிருந்தார். அன்று வகுப்பு கலைந்த பிறகும் அவர் போகவில்லை. சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி நேத்து கிறுகிறுத்து விழுந்துட்டாளுங்க."

அம்மிணி என்றால் அவர் மனைவி பாவாத்தாள்.

"அடி பட்டுதுங்களா?"

"இல்லீங்க. ரெண்டு வருசமா அவளுக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. மாத்திரையும் கேக்க மாட்டேங்குது. அவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் படுத்தா தூக்கம் வருது. அவளுக்கு மனசை விடத் தெரியலீங்க. ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்க, கொண்டு போறேன்."

அம்மா பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்து வைத்தார்.

"நான் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தர்றேன். நீங்க அந்தப் பாயில நல்லாத் தூங்குங்க. பாலை மட்டும் பாத்துக்கங்க."

நாச்சிமுத்து படுத்துக் கண்ணை மூடினார். சுர்ரென்று ஏதோ கேட்டது. எழுந்து பார்த்தார், பால் சும்மாதான் இருந்தது. மறுபடி படுத்தார். இப்போது சத்தமே இல்லை. அதற்கும் எழுந்து போய்ப் பார்த்தார்.

அம்மா கறிவேப்பிலையோடு திரும்பியபோது அவர் கரண்டியும் கையுமாக அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தூங்கலீங்களா?"

"எப்படீங்க தூங்கறது? பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"சரி. படுக்கறப்ப அம்மிணிகிட்ட என்ன சொல்லிட்டுப் படுப்பீங்க?"

"என்னத்தச் சொல்றது? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எனக்கு நெஞ்சுவலி வந்துதுங்களே, அதுல இருந்து தெனமும் ஒரே பேச்சுதான். குறட்டை நின்னுட்டா தொட்டுப் பாரு அம்மிணி, என்னைக் கொஞ்சம் பாத்துக்கன்னு..."

நாச்சிமுத்து கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அதிலிருந்து பால் சொட்டியது.

அம்மா அடுப்பை அணைத்தார். துணியைப் பிடித்துப் பாத்திரத்தை இறக்கி, ஒரு டம்ளர் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"இது வெறும் பாலுங்க. ஒருத்தர் எறக்கி வெச்சாத்தான் உண்டு. அம்மிணி ராத்திரியெல்லாம் பாத்துக்கிட்டிருக்கற பாலுக்குக் காலும் இருக்கு, வாயும் இருக்கு. அது தானா எறங்கிக்கலாம்."