பன்னிரண்டு தொட்டிக் கஞ்சா

செங்கமேட்டில் முட்டாள்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ஆனால் ஒற்றை முட்டாளால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. பாதி வழியில் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்து நின்றுவிடுவான். மூன்று பேர் சேர்ந்தால் அது கமிட்டி. கமிட்டிக்குச் சந்தேகமே வராது.

நான் சொல்லப்போகும் கமிட்டிக்குத் தலைவன் அர்த்தனாரி. அவனிடம் தறி ஓடாத தறிக்குடோன் ஒன்று சும்மா கிடந்தது. தலைமைக்கு அதுவே தகுதி. இரண்டாவது ஆள் சென்னியப்பன். தாவரவியல் படிக்கக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் வருஷமே கல்லூரி வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டதாக அவனும், அவன் வேண்டாம் என்று கல்லூரியும் சொல்லிக்கொண்டிருந்த ஆள். எதைக் கேட்டாலும் விளக்கம் வைத்திருப்பான். மூன்றாமவன் பொன்னுரங்கம். அவனிடம் குடோனும் இல்லை, விளக்கமும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வான். மூவரில் ஆபத்தானவன் அவன்தான்.

அர்த்தனாரியின் மனைவி சுகுணாவுக்கு லோகநாதன் என்று ஓர் அண்ணன், கனடாவில். அங்கே வீட்டில் நாலு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். லோகநாதனும் துணி அலமாரிக்குள் விளக்குப் போட்டு வளர்க்கப் பழகிக்கொண்டிருந்தான். பழக ஆரம்பித்து நாலு மாதம். பேச்சு மட்டும் நாற்பது வருஷத்துப் பேச்சு. வாரா வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் செடியைப் படம் எடுத்துப் போடுவான். என்ன செடி என்று தெரியாமலே பெரியம்மாக்களும் சித்திகளும் கைகூப்பும் பொம்மை போட்டு வாழ்த்துவார்கள்.

சுகுணா அந்தப் படத்தைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டுவாள். எங்கண்ணன் அந்தப் பனியிலே அலமாரிக்குள்ளே செடி வளர்க்கிறான், இங்கே இத்தனை பெரிய குடோனில் எலிதான் வளருகிறது என்பாள். அர்த்தனாரிக்கு அது என்ன செடி என்று தெரியும். மச்சானே தனியாகச் சொல்லியிருந்தான். மச்சானைவிடப் பெரிய செடியாக வளர்த்து ஒரே ஒரு படம் போட்டுவிட்டால் போதும் என்ற வெறி அன்றைக்குத்தான் பிடித்தது. மற்றபடி மூவருக்கும் பீடிப் பழக்கம்கூடக் கிடையாது. கஞ்சாவைக் கண்ணால் பார்த்ததும் கிடையாது. இங்கே அதை வளர்த்தால் ஜெயில் என்பது மட்டும் தெரியும். அதனால் குடோனின் ஜன்னல்களை எல்லாம் பழைய பாவுத் துணியால் மூடி, உள்ளே மச்சானைப் போலவே விளக்குப் போட்டார்கள்.

விதை வாங்கப் பொன்னுரங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். ஒரு டீக்கடையில் நின்று, இங்கே கஞ்சா விதை யார் வைத்திருக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேட்டான். ஒருத்தன் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, தீப்பெட்டியில் பன்னிரண்டு விதை போட்டுக் கொடுத்து அனுப்பினான். அது புளிச்சகீரை விதை. இதை நான் மறைத்துவைக்கப் போவதில்லை. விதை கொடுத்தவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் அந்த மூன்று பேர்தான்.

பன்னிரண்டு தொட்டியில் போட்டார்கள். பன்னிரண்டும் முளைத்தன. புளிச்சகீரைக்கு முளைக்க அறிவாளியின் துணை தேவையில்லை. சில வாரத்தில் இலை கைவிரல் மாதிரி பிளந்து விரிந்தது. லோகநாதனின் படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். அச்சு அசலாக அதேதான் என்று சென்னியப்பன் சான்றிதழ் கொடுத்தான்.

அர்த்தனாரி தனியாக யோசனை கேட்கப்போக, லோகநாதன் தினமும் குரல்செய்தி அனுப்பினான். விளக்குச் சூடு செடிக்கு ஆகாது, இலை மட்டத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்றான். பொன்னுரங்கம் கையை வைத்தான். எவ்வளவு நேரம் என்று மச்சான் சொல்லவில்லை. எடுக்கச் சொல்லியும் சொல்லவில்லை. சாயங்காலம் மற்ற இருவரும் வந்தபோது அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான். கை பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. சூடு இருக்கிறதா என்று அர்த்தனாரி கேட்டான். காலையில் இருந்தது, இப்போது கையில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் பரவாயில்லை என்று பொன்னுரங்கம் சொன்னான். அப்படியே மச்சானுக்குப் பதில் போனது.

அடுத்த செய்தி, நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்று வந்தது. கிள்ளினார்கள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவது போல, வலிக்காமல், தினமும் காலையில் ஒரு கிள்ளு. அர்த்தனாரி கிள்ளுவான், பின்னாலேயே சென்னியப்பன் ஊதிவிடுவான். ஒரு வாரமாகியும் ஒன்றும் நடக்காததால், கிள்ளும்போது முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி தீர்மானித்தது.

பிறகு லோகநாதன் ஒரு பெரிய எச்சரிக்கை அனுப்பினான். உள்ளே ஆண் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அத்தனையும் கெட்டுப்போய்விடும், கண்டதும் வெளியேற்றிவிட வேண்டும் என்றான். அவன் சொன்னது ஆண் செடியை. கேட்டதும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைப் பூட்டினார்கள். அதன்பிறகு பதினைந்து நாள் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. வெளியே கல்லை அடுக்கி ஏறி நின்று, சுவருக்கும் கூரைக்கும் இடையே இருந்த சந்து வழியாக ரப்பர் குழாயை விட்டுத் தண்ணீர் பீய்ச்சினான் பொன்னுரங்கம். அதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தான்.

பதினாறாம் நாள் வந்தது, விஷயத்தைக் குடோனுக்கு வெளியே கொண்டுபோன செய்தி. இனிமேல் செடியை ட்ரெயின் பண்ண ஆரம்பியுங்கள், ஆனால் அதற்கு ஸ்ட்ரெஸ் ஆகக் கூடாது, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள் என்றான் லோகநாதன். கொம்பை நூலால் வளைத்துக் கட்டிப் பக்கவாட்டில் படரவிடுவதற்குத்தான் அவன் அப்படிப் பேர் வைத்திருந்தான். சுற்றிலும் தறிநூல் மலையாகக் கிடந்த குடோன் வாசலில் உட்கார்ந்துகொண்டு கமிட்டி அதை ஆராய்ந்தது.

"ட்ரெயின்னா ரயிலுதானே?" என்றான் பொன்னுரங்கம்.

"ட்ரெயின்னா பயிற்சி," என்றான் சென்னியப்பன். "போலீஸ் நாய்க்குக் கொடுக்கறாங்கள்ல, அது."

"செடிக்கு என்னப்பா பயிற்சி கொடுக்கறது? உக்காருன்னா உக்காருமா, ஓடுன்னா ஓடுமா?" என்றான் அர்த்தனாரி.

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தான். "ரெண்டும் செடிக்கு வராது," என்று நேர்மையாக ஒப்புக்கொண்டான். "அப்ப ரயிலாத்தான் இருக்கோணும். மெதுவான்னு சொல்லியிருக்காரு பாரு. எக்ஸ்பிரஸ் ஆகாது. பாசஞ்சர்."

கொஞ்சம் கொஞ்சமாக என்றும் சொல்லியிருந்ததால், நாளுக்கு மூன்று தொட்டி என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடித் தூக்கி வந்து, நாலு நாள் ஈரோட்டிலிருந்து சேலம் போய்த் திரும்பினார்கள். முதல் நாள் டிக்கெட் கவுண்டரில் அர்த்தனாரி, இதுகளுக்கு ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, அரை டிக்கெட் போதுமா என்று கேட்டான். உள்ளே இருந்தவர் செடிக்கு டிக்கெட் வேண்டாம், நகருங்கள் என்றார். அரசாங்கமே செடி வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு சலுகை கொடுக்கிறது என்று மூவரும் நெகிழ்ந்துபோனார்கள். ஸ்ட்ரெஸ் ஆகாமல் இருக்கச் செடிகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவர்கள் நின்றுகொண்டே போனார்கள்.

யார் கேட்டாலும் கஞ்சா என்று சொல்லாதே என்று பொன்னுரங்கத்துக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் ஒருத்தரும் கேட்கவில்லை. நாலாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் எல்லோரும் உட்கார்ந்ததும் நடுவில் நின்று, "இது கஞ்சா இல்லீங்க," என்று அறிவித்தான்.

எதிர்சீட்டில் இருந்த அம்மாள் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். "தெரியுதே கண்ணு. புளிச்சகீரை. நல்ல புளிப்பு," என்றார்.

அடுத்த ஸ்டேஷனில் தொட்டிகளோடு இறங்கி மரத்தடியில் கூடினார்கள். சென்னியப்பன்தான் புதிரை அவிழ்த்தான். அந்த அம்மாள் தொழிலில் இருப்பவள். அப்படிப்பட்டவர்கள் சரக்கின் பேரை வெளியே சொல்லமாட்டார்கள். புளிச்சகீரை என்பது அவர்களுக்குள் வைத்துக்கொண்ட ரகசியப் பேர். அந்தக் கீரையைத்தானே நாம் வீட்டில் தின்கிறோம் என்று பொன்னுரங்கம் கேட்டான். அது தட்டில் குழம்பாக இருக்கும், இது செடியாக நிற்கிறது, கண்ணில்லையா என்று அர்த்தனாரி அடக்கினான். கடைந்து சட்டியில் வந்ததைத் தவிர அந்தக் கீரையை வேறு கோலத்தில் மூவரும் பார்த்ததே இல்லை. காய்கறி வாங்குவது வீட்டுப் பெண்களின் வேலை.

விதி, அடுத்த செவ்வாய்க்கிழமை சுகுணாவுக்குக் காய்ச்சலாக வந்தது. தக்காளி வாங்க அர்த்தனாரியைச் சந்தைக்கு அனுப்பினாள். கமிட்டியாகத்தான் போனார்கள். தக்காளிக் கடைக்கு இந்தப் பக்கம் பாவாயி என்ற கீரைக்காரம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், வெட்டவெளியில், பட்டப்பகலில், கட்டுக் கட்டாக அதே இலை. "புளிச்சகீரை, புளிச்சகீரை," என்று ரகசியப் பேரைக் கூவி விற்றுக்கொண்டிருந்தாள்.

மூவரும் ஒரு வண்டியின் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் இரண்டு கட்டு வாங்கினார். பூசாரியின் மனைவி மூன்று கட்டு. ஒரு போலீஸ்காரரே சைக்கிளை நிறுத்தி, ஒரு கட்டை மோந்து பார்த்து வாங்கிப் போனார்.

"அப்ப சுகுணாக்கா நமக்குக் கடைஞ்சு போட்டதெல்லாம்?" என்றான் பொன்னுரங்கம் மெதுவாக.

மதியம் சாப்பிட்டதும் தனக்கு ஏன் அப்படித் தூக்கம் வருகிறது என்று அர்த்தனாரிக்கு இத்தனை வருஷம் கழித்து விளங்கியது. கண் கலங்கிவிட்டது. ஊரே கெட்டுக் கிடப்பது தெரியாமல் இருந்துவிட்டோமே என்றான். தெரியாமல் தின்றது குற்றமாகாது, தெரிந்தபின் சும்மா இருப்பதுதான் குற்றம் என்று சென்னியப்பன் சட்டம் சொன்னான். போலீசுக்குப் போனால் நம்மைப் பிடிக்கமாட்டார்களா என்று பொன்னுரங்கம் கேட்டான். இந்தக் கதையில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

"புகார் கொடுக்கறவங்களைப் பிடிச்சா, அப்புறம் யாருப்பா புகார் கொடுப்பாங்க?" என்றான் சென்னியப்பன். அதோடு அந்தக் கேள்வியும் செத்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மரகதவல்லி அப்போதுதான் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பசித்த நேரத்தில் பொறுமையானவர் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. சென்னியப்பன் நாலு பக்க மனுவை நின்றபடி முழுக்க வாசித்தான். எஸ்.ஐ. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது கஞ்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அர்த்தனாரிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டு மாசமா பன்னெண்டு தொட்டி வளர்த்துட்டிருக்கோமுங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றான்.

அரை மணி நேரத்தில் எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள், கையில் கீரைக்கட்டோடு வசைமழை பொழிந்துகொண்டு பாவாயி எல்லோரும் தறிக்குடோனில் நின்றார்கள். பாவுத் துணியை விலக்கி, எரிகிற விளக்குகளின் கீழே எஸ்.ஐ. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் தொட்டியில் ஓர் இலையைக் கிள்ளி மென்றார். எந்த மடையன் கீரைக்கு லைட் போட்டது என்று கேட்டார். பாவாயி தலையில் அடித்துக்கொண்டு, இந்த முத்தலை எவன் வாங்குவான் என்றாள்.

கமிட்டி இதை எதிர்பார்க்கவில்லை. ஜெயிலுக்குத் தயாராக வந்திருந்தார்கள். கேவலப்படத் தயாராக வரவில்லை.

"ஒரே வார்த்தையில கீரைன்னு சொல்லிப்போடாதீங்க மேடம்," என்றான் அர்த்தனாரி. "நாலு நாள் ரயில்ல நின்னுட்டே போயிருக்கோமுங்க."

கனடா வரை விசாரித்துவிட்டு வளர்த்த செடி என்று சென்னியப்பன் அடித்துச் சொன்னான். பொன்னுரங்கம் பொரிந்த கையையும் பொரியாத கையையும் சேர்த்து விலங்குக்கு நீட்டினான். கஞ்சாதான் என்று சாதித்தால் பல வருஷம் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று எஸ்.ஐ. சொல்லிப் பார்த்தார். போகிறோம், ஆனால் கீரை என்று மட்டும் எழுதாதீர்கள் என்று மூவரும் கெஞ்சினார்கள். மணி இரண்டரை. எஸ்.ஐ.க்குப் பசி தலைக்கேறியது. குடோனை ஒட்டிய வீட்டிலிருந்து சுகுணாவைக் கூப்பிட்டு, அம்மா, இதைக் கடைந்து போடு, இவர்கள் முன்னாலேயே தின்று காட்டுகிறேன், இவர்களுக்கும் ஆளுக்கொரு தட்டு வை என்றார்.

சுகுணா காய்ச்சலோடு எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டாள். புருஷனைப் பார்த்தாள். பன்னிரண்டு தொட்டியையும் மொட்டையாக உருவி, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து, சட்டியில் போட்டு மத்தால் கடைந்தாள். அவ்வளவு ஆவேசமாகக் கீரை கடைந்து பாவாயியே பார்த்ததில்லையாம்.

எஸ்.ஐ. சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டு, கீரையைப் பிசைந்து மூன்று தட்டு சாப்பிட்டார். போலீஸ்காரர்கள் இரண்டிரண்டு தட்டு. கமிட்டி கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பது போல, ஆளுக்கு நாலு கவளம் விழுங்கியது.

ஐந்து நிமிஷத்தில் அர்த்தனாரி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குடோன் சுற்றுகிறது, யாராவது நிறுத்துங்கள் என்றான். சென்னியப்பன் தன் விரல்களை எண்ணிப் பார்த்தான். முதல் தடவை பதினொன்று வந்தது, அடுத்த தடவை ஒன்பது. பொன்னுரங்கம் பாவாயியின் காலில் விழுந்து, தன் கல்யாணத்துக்கு அவசியம் வரச் சொல்லி அழுதான். அவனுக்குப் பெண்ணே பார்க்கவில்லை.

எஸ்.ஐ. கையைக் கழுவினார். மூவரையும் ஒரு நிமிஷம் பார்த்தார். எழுத வைத்திருந்த பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தொப்பியை மாட்டி, பைக்கைக் கிளப்பி நேராகப் போய்விட்டார்.

தெருமுனையில் வண்டி திரும்பும்வரை பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு தட்டு," என்றான் பயபக்தியோடு. "ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. அந்தம்மாவுக்கு எத்தனை வருசப் பழக்கமோ."