மறுப்பவர் உண்டா?

ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் வடகடற்கரை நகரம் ஒன்றில் பழம்பெரும் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு வழக்கம். ஆய்வை முடித்தவர் தம் ஆய்வேட்டில் துளையிட்டு, நூலகத்துக்குச் செல்லும் நடைக்கூடத்தின் பலகைச் சுவரில் தம் கையாலேயே ஆணி அடித்து மாட்ட வேண்டும். வழியே போகிற எவரும் அதை எடுத்துப் படிக்கலாம். பிறகு ஒரு நாள் அறிஞர்களின் அவை கூடும். "மறுப்பவர் உண்டா?" என்று தலைவர் மும்முறை கேட்பார். எவரும் எழவில்லை என்றால் பட்டம் உறுதி.

அந்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு விழா ஆண்டு. மருத்துவம், வானிலை, சட்டம், மொழியியல் எனத் துறைதோறும் சிறந்த ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்மண்டபத்தில் பெரிய கருங்கல் ஒன்றை நிறுத்தினார்கள். அதன் தலையில் "உலகை மாற்றிய ஆய்வுகள்" என்று பொறித்து, அதன் கீழே பெயர்களை வரிசையாகச் செதுக்கினார்கள்.

அந்த வரிசையில் மருத்துவர் பரஞ்சோதியின் பெயர் இல்லை.

பரஞ்சோதி தூத்துக்குடிக்காரர். பல காலம் மருத்துவம் பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆய்வு மாணவராக அந்நகருக்கு வந்தவர். உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்பதே அவருடைய ஆய்வு. பட்டம் பெற்றபின் அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் வதனி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, போருக்குத் தப்பிச் சிறுமியாக அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். மாணவரைவிடப் பத்து வயது இளையவர்.

கல்லைப் பார்த்த கையோடு பரஞ்சோதி வதனியின் அறைக்கு விரைந்தார். கதவைக்கூடத் தட்டவில்லை.

"பார்த்தீர்களா மேடம், அக்கிரமத்தை?"

"சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள் டொக்டர். பனித் தண்ணீர் தரையெல்லாம் வழுக்கும்."

"வழுக்கட்டும்! விழுந்தால் விழுகிறேன். இதற்கு மேலா விழப் போகிறேன்?"

அவர் உட்காரவில்லை. நின்றபடியே பொரிந்தார்.

"மருத்துவத் துறையில் கேட்டேன். 'உங்கள் ஆய்வு வெயிலைப் பற்றியதல்லவா? வானிலைத் துறைக்குப் போங்கள்' என்கிறார்கள். வானிலைத் துறைக்குப் போனால், 'இதில் பாதி இரத்தமும் சிறுநீரும். இங்கே ஏன் கொண்டுவந்தீர்கள்?' என்கிறார்கள். சமூகவியலில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். அவர் சொல்கிறார்: 'கழிப்பறை இல்லாததால் அந்தப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை அட்டவணைகளா!' மூன்று துறையையும் ஒன்றாகச் சேர்த்தவனை மூன்று வாசலிலும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேரும் கற்றவர்கள்!"

"இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, இது அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை என்கிற ஆட்களோடு என்னத்தைக் கதைப்பது?" என்றார் வதனி.

"சிரிப்பதற்கு நேரமில்லை மேடம். எனக்கு வயிறு எரிகிறது."

"நான் சிரிக்கவில்லை. அநியாயம்தான். தேர்வுக் குழுவிடமும் அப்படியே சொன்னேன். ஒரு ஆய்வை எத்தனை ஆய்வுகள் மேற்கோள் காட்டின என்று எண்ணிப் பார்த்துத்தான் கல்லில் ஏற்றுகிறார்களாம்."

"சொன்னால் போதாது. அந்தக் கல்லில் முதல் பெயர் உங்களுடையது. நாளைய விழாவில் நீங்கள் மேடை ஏறக் கூடாது."

"ஏறப் போவதில்லை."

அவ்வளவு எளிதாக அந்தப் பதில் வருமென்று பரஞ்சோதி எதிர்பார்க்கவில்லை. அவருடைய குரல் தணிந்தது.

"எனக்காகவா மேடம்?"

"இல்லை."

வதனி மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஆணி பிடுங்கும் கொண்டியுள்ள சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாருங்கள்."

நடைக்கூடத்தில் மாணவர்கள் காப்பிக் கோப்பையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பலகைச் சுவர் நெடுக ஆய்வேடுகள் தொங்கின. பரஞ்சோதியின் ஆய்வேடு சன்னலை ஒட்டி இருந்தது. அதைக் கண்டதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"இதை மறுக்க ஒருவர்கூட எழவில்லை மேடம். தலைவர் மும்முறை கேட்டார். அவையில் ஒரு இருமல்கூட இல்லை. இதையா கல்லில் ஏற்ற மாட்டார்கள்?"

"இதற்கு இரத்தம் கொடுத்த பெண்கள் அவையில் இருந்தார்களா?"

"அவர்கள் எப்படி வருவார்கள்? உப்பளத்தில் இருந்திருப்பார்கள்."

"அவர்களில் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள்."

"எண்தான் கொடுத்திருக்கிறோம். பெயரை எழுதக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"எழுதத்தான் கூடாது என்றேன். மறக்கச் சொன்னேனா?"

பரஞ்சோதி சொன்னார்: "பேச்சிக்கனி."

"அவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா?"

பரஞ்சோதி சன்னலுக்கு வெளியே பார்த்தார். பனி பெய்துகொண்டிருந்தது. தரை முழுதும் வெள்ளையாகக் கிடந்தது.

"போன முறை ஊருக்குப் போயிருந்தபோது சாலையில் காரை மறித்தாள். 'எங்க ரத்தத்த எடுத்தியளே அய்யா, அதுல என்னதான் இருந்துச்சு?' என்று கேட்டாள்."

"என்ன சொன்னீர்கள்?"

"புத்தகத்தில் விவரமாக எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன்."

வதனி சுத்தியலின் கொண்டியை ஆணித்தலையில் மாட்டி ஓங்கி இழுத்தார். ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. ஆய்வேடு அவருடைய கையில் விழுந்தது. மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன காரியம் செய்கிறீர்கள்!" பரஞ்சோதி கத்தியே விட்டார். "கல்லில்தான் இடமில்லை. பலகையிலுமா இல்லை? அவர்கள் துரத்தினார்கள், சரி. நீங்களுமா மேடம்?"

வதனி பலகைச் சுவரில் பக்கத்து இடத்தை விரலால் காட்டினார். அங்கே ஆணி இருந்த துளை ஒன்று வெறுமையாக இருந்தது.

"இது யாருடைய இடம்?"

"உங்களுடையது. எங்கே உங்கள் ஆய்வேடு?"

"எங்கள் ஊரில், கிணற்றடிப் பூவரசமரத்தில். செம்மண் தோட்டக் கிணறுகளில் உர நஞ்சு இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தானே கல்லில் என் பெயர்? போன மாதம் அதைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் நானே அடித்தேன். தண்ணீர் அள்ள வந்த பெண் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு, நின்று முழுதும் வாசித்தாள்."

"பாராட்டியிருப்பாள்."

"'இவ்வளவு காலமும் தெரிஞ்சுகொண்டோ எங்களைக் குடிக்க விட்டனீங்கள்?' என்று கேட்டாள்."

வதனி அந்த வெறுந்துளையிலிருந்து விரலை எடுத்தார்.

"எனக்குப் பட்டம் தந்த அவையில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை, டொக்டர். விருது தந்த அவைகளிலும் கேட்கவில்லை. அந்தக் கல்லைச் செதுக்கியவர்களும் கேட்கவில்லை. உலகை மாற்றிவிட்டேனாம்!"

முதன்முறையாக அவருடைய குரல் உயர்ந்தது. அந்தக் கோபம் அவர் தம்மேலேயே கொண்டது என்பது பரஞ்சோதிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

"நாம் ஆராய்ச்சிக்காரர்கள் மேடம். கண்டதைச் சொல்வதுதான் நம் வேலை. தண்ணீர்த் தொட்டி வைப்பதும் கழிப்பறை கட்டுவதும் அரசாங்கத்தின் வேலை. உப்பள முதலாளியின் வேலை."

"அப்படியா? அதை என்னிடம் சொல்லாதீர்கள். பேச்சிக்கனியிடம் சொல்லுங்கள்."

வதனி ஆய்வேட்டை அவருடைய மார்போடு சேர்த்து வைத்தார். சுத்தியலை அதன்மேல் வைத்தார்.

"தமிழில் எழுதுங்கள். உப்பளத்தில் கொண்டுபோய் ஆணி அடித்து மாட்டுங்கள். வேலை விட்டு எல்லாரும் வரும்வரை நில்லுங்கள். பிறகு மும்முறை கேளுங்கள், மறுப்பவர் உண்டா என்று."

பரஞ்சோதிக்குக் கோபத்தில் முகம் சிவந்தது.

"உப்பளத்தை நீங்கள் பார்த்ததே இல்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள்! கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். அங்கே எதில் அடிப்பேன் ஆணி? ஒரு மரம் உண்டா? ஒரு கொட்டகை உண்டா? சுத்தியலைத் தூக்கிக்கொண்டு பொழுதுக்கும் நடந்தாலும் ஒரு தூண் அகப்படாது. அந்த வெயிலில் ஒதுங்க ஓரடி நிழல் கிடையாது என்றுதானே நான் இத்தனை பக்கம்..."

அவர் பாதியில் நிறுத்தினார்.

வதனி குனிந்து, தரையில் கிடந்த ஆணியை எடுத்தார். சுத்தியலை வாங்கி, ஆணியின் வளைவைச் சுவரில் வைத்துத் தட்டி நேராக்கி, இரண்டையும் அவருடைய கையில் வைத்தார்.

"அப்ப, முதலில் தூணை நடுங்கள், டொக்டர்."