ஒன்றே கேட்ட அஞ்சுகம் அம்மையார்

கீழ்வெண்பாக்கம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கும் பணி செய்தவர் அஞ்சுகம் அம்மையார். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை ஈசன் கோயிலில் வெளிச்சுற்றைப் பெருக்கிக் கோலமிடுவார். எட்டு மணிக்குப் பள்ளிக்கு வருவார். இரண்டு இடத்திலும் செருப்பை வாசலில்தான் விடுவார். அமிலம் சிந்துகிற இடத்தில் வெறுங்காலா என்று தலைமையாசிரியை கடிந்துகொண்ட பிறகே, ஆய்வகத்தில் மட்டும் அரைமனதாகச் செருப்பணிந்தார்.

ஈசனிடம் அவர் ஒரு நாளைக்கு ஒன்றுதான் கேட்பார். "ரெண்டாவது கேட்டா, மொதல்ல கேட்டது அவரு காதுல விழலன்னு சொல்ற மாதிரி ஆயிடும்" என்பார். எங்கள் தெருவில் நாளுக்குப் பதினாறு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

அம்மையாருக்கு ஒரே மகள், செண்பகவல்லி. அதே பள்ளியில்தான் படித்தாள். அவள் பதினொன்றும் பன்னிரண்டும் படித்த இரண்டாண்டும் வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலி. ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. சாவி அம்மையாரின் இடுப்பில் தொங்கியது. திறக்கச் சொல்லி எவரும் உத்தரவிடவில்லை, இவரும் திறக்கவில்லை. ஆனாலும் செய்முறைத் தேர்வில் எல்லாருக்கும் நல்ல மதிப்பெண் விழுந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

கல்லூரிக்குப் போன முதல் வாரமே, திரவத்தை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றாள் செண்பகவல்லி. "உங்க ஸ்கூல்ல லேபே இல்லையா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள். "சாவி உங்கிட்டதானம்மா இருந்துச்சு" என்றாள். பிறகு கல்யாணமாகி சூரத்துக்குப் போனவள் தாயோடு பேசுவதில்லை. உறைமோர் கேட்கிற சாக்கில் அம்மையார் அழுகிறாரா என்று பார்க்கப் போனவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். அவர் அழவில்லை. மோரை மட்டும் ஊற்றிக் கொடுத்தார்.

மகள் கல்லூரியை விட்டுப் பெட்டியோடு வந்தாளே, அதற்கு மறுநாளே ஆய்வகம் திறந்தது. இயற்பியல் ஆசிரியையைக் கெஞ்சி, வாரத்தில் மூன்று காலை வந்து நிற்கச் செய்தார். குடும்பத்தில் எவரும் கல்லூரி வாசல் மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள்தாம் அவருக்கு அடியார்கள். அவர்கள் கைபடாமல் ஒரு குழாயும் இருக்கலாகாது என்பது விரதம். 'பிப்பெட் அம்மை' என்று தெரு பெயர் வைத்தது. அவர் காதில் விழுந்தது. ஏற்றுக்கொண்டாரா என்பது முகத்தில் தெரியவில்லை.

இவ்வாறு பதினோரு ஆண்டுகள் சென்றபின் வந்தவள் வேம்பரசி. செங்கல் சூளைக் கன்னியப்பனின் மகள். வேதியியல் படித்து, மருந்து ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்பது அவள் எண்ணம். விண்ணப்பிக்கும் நாளில் அம்மையார் அவளோடு கணினி மையத்துக்குச் சென்றார். எத்தனை அரசு கல்லூரி வேண்டுமானாலும் குறிக்கலாம். மாவட்டத் தலைநகர்க் கல்லூரியைக் குறித்துவிட்டு, "அடுத்தது சொல்லுங்கம்மா" என்றார் மையத்து அன்வர்.

"ஒண்ணு போதும் தம்பி."

"எல்லாரும் பத்து, பன்னெண்டு போடுறாங்கம்மா."

"அவங்களுக்கு நம்பிக்க இல்ல."

வேம்பரசியும் தலையாட்டினாள். அவள் வீட்டில் இதைப் பற்றிச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

பட்டியல் வந்தது. வேம்பரசிக்கு இடமில்லை. அவளைவிட மதிப்பெண் குறைந்தவர்கள் தாங்கள் குறித்த வேறு கல்லூரிகளில் சேர்ந்துவிட்டார்கள். தெருவுக்கு நல்ல தீனி. "கடையில ஒரு இட்லி கேப்பாங்களா? காலேஜ் மட்டும் ஒண்ணு போதுமாம்!" வேம்பரசி சீருடையை மடித்துப் பரணில் வைத்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். கன்னியப்பன் நூற்பாலை வேலைக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வேன் வந்து அழைத்துப் போகும், மூன்றாண்டு அங்கேதான்.

இடையில், மிஞ்சிய இடங்களுக்குச் சனிக்கிழமை நேரில் வரலாம் என்று அந்தக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. வேதியியலில் மிச்சம் இரண்டு. வரிசையில் வேம்பரசி மூன்றாவது.

"சும்மா அலைய வைக்காதீங்கக்கா" என்றார் கன்னியப்பன். "ரெண்டுல மூணு எப்படி அடங்கும்?"

"சனிக்கிழம எங்கூட வரட்டும் தம்பி. திங்கக்கிழம உன் இஷ்டம்."

சனிக்கிழமை காலை கோலமிட்டு எழுந்த அம்மையார் ஈசனிடம் ஒன்றும் கேட்கவில்லை. குருக்கள் விசாரித்தார். "தப்பு என்னுது சாமி. அவர எப்படிக் கேக்கறது?" என்றுவிட்டு பஸ் பிடித்தார். அந்த வாரமே, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கிடைக்கிற கல்லூரியெல்லாம் குறியுங்கள் என்று சொல்லியும் ஆயிற்று.

கல்லூரி அலுவலகத்தில் முதல் பெயரைப் படித்தார்கள். ஒரு பெண் வந்து கையெழுத்திட்டாள். இரண்டாவது பெயர் படிக்கப்பட்டது. யாரும் எழவில்லை. மறுபடி படித்தார்கள். மூன்றாம் முறை எழுத்தர் வாசல்வரை போய்க் கூவிவிட்டு வந்தார். பத்துப் பன்னிரண்டு கல்லூரி குறித்திருந்த அந்த இரண்டாம் பெண் வேறெங்கோ சேர்ந்துவிட்டாள் என்று பிற்பாடு எங்கள் தெரு விசாரித்து அறிந்தது.

"வேம்பரசி."

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மையார் முழங்கையைத் தொட்டதும் எழுந்து போனாள், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டாள், சிரிக்கவில்லை. அம்மையாரும் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து, ஆளில்லாத வாசலைப் பார்த்து இரு கையும் குவித்தார்.

"யாரும்மா வந்திருக்காங்க?" என்றார் எழுத்தர்.

"யாரும் வரல சார். அதான் கும்பிடறேன்."

திங்கட்கிழமை நூற்பாலை வேன் வந்து, நாலு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

நேரில் தோன்றி அருளிய கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். வராமலே அருளியதைக் கண்டுகொண்டவர் எங்களூர் அஞ்சுகம் அம்மையார். பேசிப் பேசி வாய் ஓய்ந்த ஒரு தெரு முழுவதும் அவர் திருவடியை வணங்குகிறது.