கணக்கு வாத்தியாரும் கட்டெறும்பும்

"சாமி, அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு டி.சி. குடுத்துரலாம்னு இருக்கேன்."

கணக்கு வாத்தியார் துரைப்பாண்டி மலையேறி வந்து, மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே இதச் சொல்லிட்டாரு. மலை மேல தங்கியிருக்கற சாமிக்கு அவரு பழைய சீடர்.

சாமி வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்தாரு. "எந்தப் பொண்ணு?"

"ஆறாங்கிளாஸ் மலர்க்கொடி. ஒரு எடத்துல இருக்காது சாமி. நான் போர்டுல பின்னம் போட்டா, அது பெஞ்சுக்கு அடியில பென்சில் தேடும். தேடப் போன எடத்துல யாரோட டிபன் பாக்ஸயோ தெறந்திருக்கும். ஹெட்மாஸ்டர் என் ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்காரு."

"நீங்க என்ன செஞ்சு பாத்தீங்க?"

"கையக் கட்டு, வாயில விரல வை, அசையாமக் கேளுன்னு தெனமும் கத்தறேன்."

"கேக்குதா?"

"எங்க! மண்டையில ஒண்ணும் ஏறல."

"அதக் கேக்க வைக்க ஒரு வழி இருக்கு. சொல்றேன். அந்தக் கல்லு மேல உக்காருங்க. கையக் கட்டுங்க. வாயில விரல வைங்க. அசைஞ்சீங்கன்னா நிறுத்திருவேன்."

வாத்தியார் உக்காந்தாரு.

கல்லுக்கு அடியில கட்டெறும்புப் புத்து. சாமிக்கு முன்னாடியே தெரியும். வாத்தியாருக்கு இப்பத்தான் தெரிஞ்சுச்சு.

சாமி நிதானமா ஆரம்பிச்சாரு. விரல் விட்டு விட்டு விளக்குனாரு.

ஒரு எறும்பு கெண்டைக்கால்ல ஏறுச்சு. இன்னொண்ணு பேண்ட்டுக்குள்ள குடி போச்சு.

வாத்தியார் அசையல. கண்ணு மட்டும் கோலிக்குண்டா உருண்டுச்சு.

"அவ்வளவுதான். எந்திரிங்க."

எங்க எந்திரிச்சாரு? துள்ளுனாரு! கரகாட்டத்துக்கு ஆள் எடுத்தா அன்னிக்கே சேத்திருப்பாங்க.

"எறும்பு சாமி, எறும்பு!"

"எறும்பா? இங்கருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலயே. சரி, என்ன வழி சொன்னேன்?"

வாத்தியார் பேண்ட்ட உதறிக்கிட்டே நிமிந்தாரு.

"சாமி... இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதுத்தாப்பலதான உக்காந்திருந்தீங்க? அசையக்கூட இல்லயே!"

"அதான் சாமி! அசையாம இருக்கறதுக்கே புத்தி மொத்தமும் செலவாயிருச்சு. அப்புறம் கேக்கறதுக்கு மிச்சம் எங்க..."

வாத்தியார் பாதியிலயே நின்னுட்டாரு.

சாமி கடலைத் தோல ஊதித் தள்ளிட்டு, செருப்ப மாட்டுனாரு.

"இப்ப உங்களுக்கு டி.சி. குடுக்கவா வாத்தியாரே? இல்ல, நடந்துக்கிட்டே கேக்கறீங்களா?"