படகில் தூங்குகிறவர்

தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் சிஸ்டர் எமரன்சியா படம் வரைந்துகொண்டிருந்தார். புயலில் சிக்கிய படகு. அதில் இயேசு எழுந்து நின்று, கையை நீட்டிக் கடலை அடக்குகிறார்.

ஜெசிந்தா காலையில் மீன் விற்றுவிட்டு, சிஸ்டரிடம் ஓவியம் கற்க வருவாள். எட்டு மாதமாகிறது. சிஸ்டரைவிடப் பதினேழு வயது மூத்தவள். போன வருடப் புயலில் அவள் கணவர் மரியலூயிஸ் கடலிலிருந்து திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்று சிஸ்டர் இயேசுவின் முகத்தை முடித்தார். சாந்தமான முகம்.

"எப்படியிருக்கு, அக்கா?"

"அழகா இருக்கு. பாத்தா வயிறு எரியுது."

"ஏன்?"

"எங்க வீட்டு ஆளு கழுத்துலயும் செபமாலை கெடந்துச்சு. அன்னைக்கு யாரு எந்திரிச்சு நின்னா? யாரு கையை நீட்டுனா? இது பொய், சிஸ்டர். பொய்யை எதுக்கு இவ்வளவு அழகா வரையிறீங்க?"

சிஸ்டர் சாயம் சுரண்டும் தகட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஜெசிந்தா யோசிக்கவில்லை. ஈரம் காயாத முகத்தைச் சுரண்டினாள். நீட்டிய கையைச் சுரண்டினாள். வெள்ளை அங்கியும் போனது. சுண்ணாம்பு தெரிந்தது. பிறகு கறுப்புச் சாயத்தை அள்ளி, விரல்களாலேயே ஓர் அலையை இழுத்தாள். அது படகுக்கு மேலே எழுந்து நின்றது. எட்டு மாதத்தில் அவள் வரைந்த எதுவும் அப்படி இருந்ததில்லை.

மத்தியானம் பங்குச்சாமியார் வந்து பார்த்தார்.

"திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. யாரு செஞ்ச வேலை இது?"

"நான்தான் சாமி," என்றாள் ஜெசிந்தா.

"வெள்ளையடிச்சு மூடுங்க. இந்த அலையைப் பாத்தா சனங்க பயந்துரும்."

"சனங்களுக்கு இந்த அலையைத் தெரியும் சாமி," என்றார் சிஸ்டர். "தெரியாதது நமக்குத்தான். அதுமேல யாரும் கை வைக்கக்கூடாது."

சிஸ்டர் கோபப்பட்டுச் சாமியார் பார்த்ததில்லை. மேலும் வற்புறுத்தாமல் வெளியேறினார்.

சிஸ்டர் தூரிகையை எடுத்தார். சுரண்டிய இடத்தைத் தொடவில்லை. படகின் பின்பக்கத்தில் ஒருவரை வரைந்தார். சுருட்டிய வலைமேல் தலைவைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். தண்ணீர் அவர் இடுப்புவரை ஏறியிருந்தது.

அது இயேசுதான் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது.

"நாங்க சாகும்போது தூங்குறாரா?"

"ஆமா."

"பிடிச்சு உலுக்கணும் போல இருக்கு."

"உலுக்குங்க."

சிஸ்டர் தூரிகையைக் கொடுத்தார். ஜெசிந்தா ஒரு கையை வரைந்தாள். செதில் ஒட்டிய, நரம்பு புடைத்த கை. அது தூங்குகிறவரின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

தூரிகையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பவும் எந்திரிக்கலைன்னா, சிஸ்டர்?"

"இன்னும் சத்தமாக் கத்துங்க அக்கா. அவரும் அந்தப் படகுலதான் இருக்காரு."