மேடையேறிய தாய்மாமன்

கீழச்செம்பூரில் கிழவர்கள் பெருகினார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள். பிள்ளைகள் குறைவு என்று சொல்லி ஊர்ப் பால்வாடியைப் பூட்டியவர் அமைச்சர் தணிகைவேந்தன். அதே பால்வாடி வாசலில் மேடை போட்டு, "வீட்டுக்கு நாலு பிள்ளை பெறுங்கள்!" என்று முழங்க வந்தவரும் அவரேதான். துணிச்சல் அப்படி.

இடுப்பில் குழந்தையோடு மேடையோரம் குப்பை கூட்டிக்கொண்டிருந்த இசக்கியம்மாளைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, ஒண்ணோட நிறுத்திட்டே?"

"இன்னொண்ணு பெத்தா வச்சுக்க ஆளில்லையே ஐயா. இத வச்சுக்கிட்டே வேலை ஓட மாட்டேங்கு."

"நான் இருக்கேன்! இந்த ஊர்ல பிறக்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்தான் தாய்மாமன்!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. இசக்கியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நல்லதாப் போச்சு அண்ணே! எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாம இவளுக்குக் காது குத்தாமலே கிடக்கு. உக்காந்து மடியைக் காட்டுங்க."

எதிர்க்கடை ஆசாரி ஊசியோடு ஓடி வந்தார். டிவிக்காரர்கள் முன்னால் அமைச்சர் எப்படி மறுப்பார்? உட்கார்ந்தார். ஒரு காது குத்தியதும் குழந்தை வீறிட்டது, வெள்ளை வேட்டியையும் நனைத்தது. அதற்குள் மற்ற பெண்களும், "எங்க பிள்ளைக்கும் மாமா நீங்கதானே!" என்று ஆளுக்கொன்றாக மடியில் வைத்தார்கள். ஒன்று மைக்கைப் பிடுங்கியது, ஒன்று மீசையை.

"ஐயோ, எனக்கு வேலை கிடக்கு! யாராவது கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பாத்துக்கோங்களேன்!" என்று அமைச்சர் அலறினார். மைக்கில் ஊருக்கே கேட்டது.

இசக்கியம்மாள் பூட்டிய கதவைக் காட்டினாள்.

"அதைத்தான் அண்ணே நாங்களும் கேக்கோம்."

ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியை எடுப்பதற்குள் பால்வாடிச் சாவி வந்து சேர்ந்தது.