'திருடா' கம்பெனி

திண்டுக்கல் 'பாரத் பூட்டு' கம்பெனிக்குப் புது எம்.டி.யாக ரோஹன் வந்தார். லண்டனில் வளர்ந்தவர், தமிழ் அரைகுறை.

"பாரத் வேணாம்! ஓல்டு! நியூ பேரு இத்தாலி ஸ்டைல், 'டிருடா'!"

அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, போர்டில் 'திருடா' என்றே தமிழில் எழுதி மாட்டினார்கள். எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. வாய் திறக்கத்தான் பயம்.

டெலிபோன் ஆபரேட்டர் ஆரோக்கியமேரி மட்டும், "சார், தமிழ்ல அதுக்கு..." என்று இழுத்தாள்.

"நோ பேச்சு! போன் வந்தா ஃபர்ஸ்ட் கம்பெனி பேரு, நெக்ஸ்ட் என் பேரு. மாத்தினா வேலை போச்சு!"

"சரிங்க சார்."

மணி அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டாள்.

"திருடா! ரோஹன்!"

"எஸ்.பி. பேசுறேம்மா, ஸ்டேஷனுக்குப் பூட்டு... என்னது, திருடனா? விட்றாதீங்க, ஜீப் வருது!"

ரோஹன் வெளிறிப்போனார். "டிருடான்னா... தீஃபா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் சார்."

ஜீப் வந்தபோது, எம்.டி.யே ஏணியில் நின்று பழைய போர்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏட்டு கத்தினார்: "இறங்குடா, திருடா!"